ரிசல்ட் வந்தால் என்ன மாறும், டாக்டர்?



மார்ச் மாதம் பிறந்தால் போதும், செல்போனில் வரிசையாக மெசேஜ் வந்து விழுகிறது. 'மகளிர் தினச் சலுகை! அறுபது பரிசோதனைகள், பாதி விலையில்!' ஜூனில் அப்பாக்களுக்கு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஃபேமிலி பேக்கேஜ். ஆடித் தள்ளுபடி விளம்பரத்துக்கும் இதற்கும் வித்தியாசமே தெரிவதில்லை. பாதி விலை என்றதும் நமக்கும் கை பரபரக்கிறது. 'எடுத்துத்தான் பார்ப்போமே, எடுத்தா என்ன நஷ்டம்?'

நஷ்டம் உண்டு. எப்படி என்று சொல்கிறேன்.

லேப் ரிப்போர்ட்டில் வலது ஓரமாக 'நார்மல் ரேஞ்ச்' என்று இரண்டு எண்கள் இருக்குமே, அவை பெரும்பாலும் எப்படி வருகின்றன தெரியுமா? ஆரோக்கியமான நூறு பேரைச் சோதித்து, அவர்களில் 95 பேருக்கு வரும் அளவை எடுத்துக்கொள்கிறார்கள். மீதி ஐந்து பேரும் நன்றாகத்தான் இருப்பார்கள். ரிப்போர்ட்டில் மட்டும் தடித்த எழுத்தில் 'ஹை' அல்லது 'லோ' என்று வந்துவிடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட்களை எடுத்தால், ஒரு நோயும் இல்லாதவருக்குக்கூட ஏதாவது ஒன்று ரேஞ்சுக்கு வெளியே போக 64 சதவிகிதம் வாய்ப்பு இருக்கிறது. அப்படியானால் அறுபது எடுத்தால்? எல்லாமே நார்மல் என்று வந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

அந்த ஒரு தடித்த எழுத்து வீட்டை என்ன பாடு படுத்துகிறது! அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. மகன் கூகுளில் தேடுகிறான். மறுநாள் லீவு போட்டுவிட்டு ஸ்பெஷலிஸ்ட். அவர் எதற்கும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம் என்கிறார். ஸ்கேனில், தேடிப் போனது இல்லை. தேடாத ஒன்று இருக்கிறது. அதற்கு இன்னொரு ஸ்பெஷலிஸ்ட்.

ஒரு நாடே இப்படிச் சிக்கிக்கொண்ட கதை உண்டு. தென்கொரியாவில் 1999-ல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால், 'கொஞ்சம் கூடக் கொடுத்தால் கழுத்துக்கும் ஒரு ஸ்கேன்' என்று மருத்துவமனைகள் சேர்த்துக்கொண்டன. 2011-ல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 40,000 பேருக்கு மேல். 1993-ல் இருந்த விகிதத்தைப்போல 15 மடங்கு. அந்த நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை? அதில் மாற்றமே இல்லை. அதாவது, வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே செய்யாமல் இருந்திருக்கக்கூடிய சின்னச் சின்னக் கட்டிகளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஆபரேஷன். பலருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை. சிலருக்குக் குரல் போனது. 2014-ல் அந்த நாட்டு மருத்துவர்கள் சிலரே எழுந்து 'போதும், நிறுத்துங்கள்' என்று சொன்ன பிறகு, ஒரே வருடத்தில் அந்த ஆபரேஷன்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

கொரியாவுக்குப் போவானேன்? 2021 கொரோனா நேரத்தில் நம் தெருக்களில் 'உங்களுக்கு சி.டி. ஸ்கோர் எவ்வளவு?' என்பதுதானே குசலம் விசாரிப்பதாக இருந்தது! லேசான தொற்றுக்கு சி.டி. ஸ்கேன் தேவையில்லை என்று அப்போதைய டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா டி.வி.யில் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அப்படியும் ஸ்கேன் சென்டர் வாசலில் வரிசை குறையவில்லை.

இதில் டாக்டர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஊசி போடாமல் அனுப்பும் டாக்டருக்குக் 'கைராசி இல்லை' என்று பெயர் வைப்பது யார்? 'ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்கம்மா, சரியாயிடும்' என்றால், 'இதுக்கா முந்நூறு ரூபா ஃபீஸ்?' என்று படியிறங்கும்போதே முணுமுணுப்பது யார்?

காய்ச்சலில் துவண்டுபோய் வந்து, 'ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்' என்று நாமே கேட்கிறோம். அரை லிட்டர் பாட்டிலின் மேல் ஐந்து சதவிகிதம் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது 25 கிராம் சர்க்கரை. நம் வீட்டு டீஸ்பூனில் ஐந்தாறு ஸ்பூன். இரண்டு இட்லி அதைவிடத் தெம்பு தரும். வாந்தி நிற்காமல், தண்ணீர்கூட உள்ளே தங்காதவருக்கும், டெங்குவில் உடல் நீர் வற்றிப்போனவருக்கும் அதே மாதிரி ஒரு பாட்டில் உயிர் காக்கும் மருந்து. வாயால் குடிக்க முடிகிறவருக்கு எதற்கு? ஆன்டிபயாடிக் கதையும் இதேதான். வைரஸ் காய்ச்சலுக்கு அது ஒன்றும் செய்யாது.

டாக்டர்கள் தரப்பிலும் பயம் இருக்கிறது. மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நோயாளிகளுக்கு அது பெரிய பாதுகாப்பு, சந்தேகமில்லை. கூடவே, 'எதையாவது விட்டுவிட்டேன் என்று நாளைக்குக் கேஸ் போட்டால்?' என்ற யோசனையும் பேனாவோடு சேர்ந்து எழுதுகிறது. நேரமும் இல்லை. இந்தியாவில் ஒரு நோயாளியோடு பொது மருத்துவர் செலவிடுவது சராசரியாக இரண்டு நிமிடம் என்கிறது 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. விசாரிப்பதைவிட டெஸ்ட் எழுதுவது சீக்கிரம் முடிந்துவிடும். கமிஷன்? வாங்கக் கூடாது என்று 2002 முதல் விதியே இருக்கிறது. விதி இருப்பதால் கமிஷன் ஒழிந்துவிட்டது என்று நான் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் 2012-ல் 'சூஸிங் வைஸ்லி' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். ஒவ்வொரு துறை மருத்துவர்களும் தங்கள் துறையிலேயே யோசிக்காமல் எழுதப்படும் டெஸ்ட்களையும் சிகிச்சைகளையும் பட்டியல் போட்டார்கள். சாதாரண இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரத்தில் ஸ்கேன் வேண்டாம் என்பது அதில் ஒன்று. 2019-ல் நம் நாட்டின் நேஷனல் கேன்சர் கிரிட்டும் புற்றுநோய் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய பத்து விஷயங்களை இதே பாணியில் வெளியிட்டது.

நோயாளிகளுக்கென்று 'சூஸிங் வைஸ்லி' இயக்கம் சொல்லிக்கொடுத்த கேள்விகள் ஐந்து: இது எனக்கு அவசியமா, இதில் ஆபத்து என்ன, எளிய வழி வேறு உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், செலவு எவ்வளவு. நல்ல கேள்விகள்தான். ஆனால், பின்னால் முப்பது பேர் டோக்கனோடு நிற்கும்போது, ஐந்தையும் நம் ஊர் கிளினிக்கில் கேட்க முடியுமா? ஒன்றை மட்டும் கேளுங்கள் என்பேன். 'டாக்டர், இந்த டெஸ்ட் ரிசல்ட் எப்படி வந்தாலும் மருந்து இதேதானா, இல்லே மாறுமா?'

இடுப்பு வலியையே எடுத்துக்கொள்ளுங்கள். வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும், நூற்றுக்கு 80 பேருக்கு முதுகெலும்பு டிஸ்க் தேய்ந்துதான் இருக்கிறது. தலை நரைப்பதைப்போல அதுவும் வயதோடு வருவது. 'தேய்மானம்' என்ற ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர் மட்டும் அதற்குப் பிறகு குனிந்து கோலம் போடவும் பயப்படுகிறார். ரிசல்ட் எதுவானாலும் நடைப்பயிற்சி, பிசியோ, சில நாள் வலி மாத்திரை என்பதுதான் வைத்தியம் என்றால், அந்த எம்.ஆர்.ஐ. பணத்தில் ஒரு மாத மளிகை வாங்கலாமே? அதுவே காலில் பலம் குறைகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை, காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்திருக்கிறது, முன்பு புற்றுநோய் வந்திருக்கிறது என்றால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். நெஞ்சு வலிக்கு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னால் அங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். டெங்குவில் பிளேட்லெட் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் காரணத்தோடுதான். முப்பது வயது தாண்டியவர்கள் அவ்வப்போது பி.பி.யும் சுகரும் பார்ப்பதைக் குறைக்கச் சொல்லி நான் எழுதியதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் காப்பாற்றுவது அந்த இரண்டும்தான்.

கேட்கிற விதமும் முக்கியம். 'எதுக்கு இவ்ளோ டெஸ்ட்?' என்றால் எந்த டாக்டருக்கும் சுருக்கென்று இருக்கும். 'போன மாசம் எடுத்த ரிப்போர்ட் இருக்கு சார், அதுவே போதுமா பாருங்களேன்' என்று ஃபைலை நீட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும். அந்த ஃபைலும் தேதிவாரியாக இருக்கட்டும். பீரோவுக்கு மேல் பிளாஸ்டிக் கவரில் மடங்கிக் கிடக்கும் ரிப்போர்ட்டை அவசரத்தில் யார் தேடுவது? கிடைக்கவில்லை என்றால் அதே டெஸ்ட், அதே செலவு, அதே ஊசிக் குத்து.

இன்னொன்று. பல வீடுகளில் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப்போனால் மகனோ மருமகளோதான் பேசுகிறார்கள். அம்மா நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். வலி எப்போது வருகிறது, எதைச் சாப்பிட்டால் கூடுகிறது என்பது அவருக்கல்லவா தெரியும்? அவரைப் பேசவிடுங்கள். பாதி டெஸ்ட்கள் அங்கேயே தேவையற்றுப் போகலாம்.

அடுத்த முறை கிளினிக் போகும்போது அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். டாக்டர் என்ன பதில் சொன்னார், முகம் எப்படி மாறியது என்பது உட்பட. நம் வாசகர்களில் டாக்டர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நோயாளிகள் எப்படிக் கேட்டால் உங்களுக்கு பதில் சொல்லத் தோன்றும், எப்படிக் கேட்டால் கோபம் வரும்? அதையும் எழுதுங்கள். இரண்டு தரப்பையும் அடுத்த இதழில் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்