கடனைக் கேட்கலாம், கடையை மூடலாமா?

கெட்டிக்காரனைப் பார்த்தால் "ஆள் எம்டன்" என்று நம் கடைவீதியில் சொல்வதுண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசி எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர் அது. அந்த முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11இல் ஓய்ந்தது. போர் நடந்த விதத்தைப் பலரும் பேசுகிறார்கள். போர் முடிந்தபின் கணக்குத் தீர்த்த விதத்தை வணிகர்களாகிய நாம் அவசியம் அறிய வேண்டும். அது முழுக்க முழுக்கக் கொடுக்கல் வாங்கல் விவகாரம்.

1919 ஜூன் 28ஆம் நாள் பிரான்சில் வெர்சேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியாவின் சார்பில் மாண்டேகுவும் பிகானீர் மகாராஜா கங்கா சிங்கும் கையொப்பமிட்டனர். தோற்ற ஜெர்மனியை எதிரே உட்கார வைத்துப் பேசவில்லை. எழுதி முடித்த நகலைக் கையில் கொடுத்தார்கள். ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தரலாம் என்றார்கள். கடைசியில் கையெழுத்து, இல்லையேல் மீண்டும் போர் என்ற நிலை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. கையெழுத்தான அன்று மொத்த நஷ்டஈடு எவ்வளவு என்றே குறிக்கப்படவில்லை. தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்து வாங்கியது போலத்தான். 1921இல்தான் 13,200 கோடி தங்க மார்க் என்று தொகை போட்டார்கள். அதற்குள் ஜெர்மனியின் பெரிய சரக்குக் கப்பல்கள் பறிபோயின. சார் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்கள் பிரான்சுக்குப் போயின. தராசையும் வண்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டு, "வியாபாரம் செய்து பாக்கியைக் கட்டு" என்று சொன்னால் யாரால் கட்ட முடியும்? பிரிட்டிஷ் நிதித்துறையின் சார்பில் மாநாட்டுக்குப் போயிருந்த கெயின்ஸ் என்ற பொருளாதார அறிஞர் இதைப் பொறுக்காமல் பதவி விலகினார். இந்தக் கணக்கு நடக்காது என்று அதே ஆண்டில் புத்தகமும் எழுதினார்.

நடக்கத்தான் இல்லை. மரமும் நிலக்கரியும் சொன்னபடி வரவில்லை என்று 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் தொழிற்பகுதிக்குள் படையை அனுப்பின. அங்குள்ள தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஜெர்மன் அரசு நோட்டாக அடித்துத் தள்ளியது. அந்த ஆண்டு நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க்! ஆயுள் முழுதும் சேர்த்த பணம் ஒரு ரொட்டிக்குக் காணாமல் போயிற்று. பிறகு 1924இலும் 1929இலும் தவணையை மாற்றிப் பார்த்தார்கள். 1932இல் கேட்பதையே ஏறத்தாழக் கைவிட்டார்கள். சொன்ன தொகையில் சிறு பகுதிதான் வசூலானது. 1933 ஜனவரியில் அந்த அவமானத்தையே மூலதனமாக்கிப் பேசிய ஹிட்லர் பதவிக்கு வந்தார். மிச்சக் கதை உலகம் அறிந்தது.

எல்லாப் பழியையும் அந்த ஒரு காகிதத்தின் மேல் போடுவது நியாயமல்ல. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இல்லாவிட்டால் ஹிட்லருக்கு அத்தனை ஓட்டு விழுந்திருக்காது. 1918 மார்ச்சில் ரஷ்யாவின் மீது இதைவிடக் கடுமையான உடன்படிக்கையைத் திணித்ததும் இதே ஜெர்மனிதான். வடபகுதி பாழாகிப் போன பிரான்ஸ் நஷ்டஈடு கேட்டது தப்பில்லை. கேட்ட முறைதான் தப்பு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாடம் கற்றார்கள். 1953 பிப்ரவரி 27இல் லண்டனில், மேற்கு ஜெர்மனியின் பழைய கடன்கள் பற்றி ஒப்பந்தம் ஏற்பட்டது. இம்முறை கடன்காரரும் மேசையில் உட்கார்ந்தார். சுமார் 3,000 கோடி மார்க் கடனில் ஏறக்குறைய பாதி தள்ளுபடியானது. மீதிக்கு நீண்ட தவணை. ஒரு பகுதி வட்டிப் பாக்கியை, நாடு ஒன்றாகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். 1990 அக்டோபர் 3இல் ஜெர்மனி ஒன்றாயிற்று. 2010 அக்டோபர் 3இல் அந்தக் கடைசித் தவணையும் கட்டி முடிந்தது. முதல் போரின் கணக்கு 92 ஆண்டு கழித்து நேரானது!

இதைத் தருமம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சோவியத் யூனியனுக்கு எதிராக மேற்கு ஜெர்மனி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற சுயநலம் அமெரிக்காவுக்கு இருந்தது. அதிலும் ஒரு குறை உண்டு. போரில் சூறையாடப்பட்ட நாடுகளின் நஷ்டஈட்டுக் கோரிக்கை தள்ளி வைக்கப்பட்டது. கிரீஸ் போன்ற நாடுகள் அதைப் பல பத்தாண்டுகள் கழித்தும் கேட்டன. பெரிய கைகள் பேசி முடித்தால் சிறிய கைகளின் பாக்கி அப்படியே நின்றுவிடும் என்பதற்கு இது சாட்சி.

இனி நம் கடைவீதிக்கு வருவோம். ஒரு சில்லரைக் கடைக்காரர் நொடிக்கிறார் என்ற பேச்சு கிளம்பினால் என்ன நடக்கிறது? முந்தியவர் சரக்கை அள்ளுகிறார். அடுத்தவர் மேசை, நாற்காலியைத் தூக்குகிறார். கடைக்காரர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போகிறார். பின்னால் வந்த சிறு வியாபாரிக்குப் பேரேட்டில் எழுத்துதான் மிச்சம். நாமும் இதைச் செய்திருக்கிறோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே சங்கத்தின் சமரசக் குழு முன் வரும் வழக்குகளில் நாம் நான்கு விதிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நமது கருத்து. கடன்காரரை உட்கார வைத்தே பேச வேண்டும். தொகையை அன்றே முடிவாக எழுத வேண்டும். பழைய பாக்கிக்குத் தவணை போட்டு, புதுச் சரக்கை ரொக்கத்துக்குக் கொடுத்துக் கடையைத் திறந்து வைக்க வேண்டும். சிறு தொகை வர வேண்டியவர்களுக்கு முதல் தவணையிலேயே பங்கு தர வேண்டும்.

சரக்கை மறைத்து ஏமாற்றுபவனுக்கு இந்தச் சலுகை கூடாது. அவனுக்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் காலக்கேட்டால் சறுக்கியவரைக் கைதூக்கி விட்டால், பணமும் வரும். நாளைக்கு ஒரு வாடிக்கையும் நிற்கும்.

திறந்திருக்கும் கடையில்தான் பாக்கி வசூலாகும். சிந்திப்போம், செயல்படுவோம்.