அழிச்சா சூடாகும் பாஸ்!

திருவேங்கடம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீ சொல்றீங்க. அரட்டையில மறந்துட்டா ஆறிப்போகும். ஆறின டீ தானா திரும்ப சூடாகிப் பார்த்திருக்கீங்களா? சான்ஸே இல்ல! தெர்மோடைனமிக்ஸோட ரெண்டாம் விதி அதுதான். (செமஸ்டர்ல 'என்ட்ரோபி'னு ரெண்டு மார்க்குக்கு எழுதுவோமே, அதேதான்.)

1867-ல மேக்ஸ்வெல் இதுக்கு ஒரு வேட்டு வெச்சார். காத்து அடைச்ச பெட்டி, நடுவுல தடுப்பு, அதுல குட்டிக் கதவு. கதவுகிட்ட ஒரு குட்டிச்சாத்தான். வேகமா வர்ற மூலக்கூறை இந்தப் பக்கம் விடுது, மெதுவா வர்றதை அந்தப் பக்கம் விடுது. கொஞ்ச நேரத்துல ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் ஜில். எரிபொருள் செலவே இல்லாம! அப்போ ரெண்டாம் விதி அவுட்டா?

எது வேகம், எது மெதுன்னு சாத்தானுக்குத் தெரியணுமே, செலவு அங்கேதான் இருக்குன்னு 1929-ல லியோ சிலார்ட் சொன்னார். பார்க்கிறதுக்குத்தான் செலவுன்னு ரொம்ப வருஷம் நம்பினாங்க. 1961-ல ஐ.பி.எம்-ல இருந்த ரால்ஃப் லாண்டவர் கணக்கை மாத்தினார்: ஒரு பிட் தகவலை அழிச்சா, குறைஞ்சபட்ச வெப்பம் ஒண்ணு வெளியே வந்தே தீரும். 1982-ல சார்லஸ் பென்னட் ரெண்டையும் முடிச்சுப் போட்டார். சாத்தான் பார்த்ததையெல்லாம் குறிச்சு வைக்குது. நோட்டு தீர்ந்ததும் பழசை அழிக்கணும். சம்பாதிச்சதெல்லாம் அந்த அழிப்புல காலி! ரெண்டாம் விதி தப்பிச்சிருச்சு.

அந்த வெப்பம் எவ்வளவு தெரியுமா? சாதாரண அறை வெப்பத்துல, தசமப் புள்ளிக்கு அப்புறம் 20 பூஜ்யம் போட்டு ஒரு 3 எழுதுங்க, அத்தனை ஜூல். 100 மில்லி டீயை ஒரே ஒரு டிகிரி ஏத்தணும்னா, சுமார் 1,800 கோடி ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கை முழுசா அழிக்கணும். டீ மாஸ்டர் பொழைச்சார்! (நீங்க டெலீட் அடிக்கிறப்போ ஃபைல் உடனே அழியறதில்ல, அது தனிக் கதை.)

சும்மா தியரின்னு நினைக்காதீங்க. 2012-ல பிரான்ஸ்ல லியோன் நகரத்துல, தண்ணியில மிதக்கிற கண்ணாடித் துகளை லேசரால பிடிச்சு, ஒரு பிட்டை அழிச்சு, வெப்பத்தை அளந்தே காட்டிட்டாங்க. எவ்வளவு மெதுவா அழிச்சாலும் லாண்டவர் போட்ட கோட்டுக்குக் கீழே சராசரி இறங்கலை.

அப்போ லேப்டாப் மடியைச் சுடறது இதனாலயா? இல்ல பாஸ். நம்ம சிப்புகள் இந்தக் கோட்டைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமா வெப்பம் கக்குது. இ.சி.இ மக்களுக்கு இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கு. எதையுமே அழிக்காம, போன வழியே ரிவர்ஸ்ல திரும்பி வர்ற மாதிரியும் கணக்குப் போடலாம்னு அதே பென்னட் 1973-லேயே எழுதி வெச்சிட்டார்.