பிள்ளைகள் எடை தூக்கட்டும், பக்கத்தில் பயிற்றுநர் நிற்கட்டும்

ஓசூரில் பாகலூர் சாலை, தளி சாலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்போது ஜிம் பலகைகள். சிப்காட் ஷிப்ட் முடித்து வரும் இளைஞர்களோடு பள்ளி மாணவர்களும் உள்ளே நுழைகிறார்கள். ‘சின்ன வயசுல வெயிட் தூக்கினா வளர்த்தி நின்னுடும்’ என்று பத்து வயதுப் பிள்ளையைத் தடுக்கும் வீடு, பதினைந்து வயதுப் பையன் செல்போன் காணொளியைப் பார்த்துக்கொண்டு தனியாக பெஞ்ச் பிரஸ் செய்வதைக் கண்டுகொள்வதில்லை. பயப்பட வேண்டிய இடத்தில் பயம் இல்லை.

குழந்தை மருத்துவம் இதில் தெளிவாகவே பேசுகிறது. முறையான எடைப்பயிற்சியால் பிள்ளையின் உயரம் குறைகிறது என்பதற்குச் சான்று இல்லை என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி. உடல் சமநிலை கைவரும் ஏழு, எட்டு வயதில், சொல்வதைக் கேட்டு அப்படியே செய்யும் பிள்ளை தொடங்கலாம். 5 முதல் 17 வயதுவரை வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் பரிந்துரைத்தது. இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கு முதலில் மருத்துவரின் ஒப்புதல் தேவை.

அப்படியானால் அடிபடுவது எப்படி? அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுப் பதிவுகளை அலசிய 2009-ஆம் ஆண்டு ஆய்வு, 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளின் எடைப்பயிற்சிக் காயங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கையிலும் பாதத்திலும் ஏற்பட்டவை என்று காட்டியது. எடை காலில் விழுந்திருக்கும், இல்லையென்றால் விரல் நசுங்கியிருக்கும். பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தால் இவற்றில் பெரும்பாலானவை நேர்ந்திருக்காது.

எலும்பு முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பாலானது. பருவ வளர்ச்சி முடியும்வரை மூடாது. ஆகவே ‘எவ்வளவு தூக்குகிறாய் பார்ப்போம்’ என்ற பந்தயம் அந்த வயதில் கூடவே கூடாது. பருவமடையாத பிள்ளைக்கு வலு கூடுவது நரம்புகள் தசையை வேலை வாங்கப் பழகுவதால்தான், புஜம் புடைக்காது. கண்ணாடி முன் நின்று ஏமாறும் பையனிடம் புரோட்டீன் டப்பாவை விற்பது பெருந்தவறு.

இதே ஊரில் 20 லிட்டர் தண்ணீர் கேனை ஒரே தோளில் சாய்த்து, இரண்டாம் மாடி வாடகை வீட்டுக்குப் படியேறும் சிறுவனைப் பார்க்கலாம். தண்ணீர் மட்டுமே இருபது கிலோ. இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து நிற்கும். அதை யாரும் எடை தூக்குவதாக எண்ணுவதில்லை. புத்தகப் பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை சொல்கிறது. அதை எத்தனை பள்ளிகள் நிறுத்துப் பார்க்கின்றன?

எடை தூக்குவதில் நமக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. வேலூரின் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அவருடைய தந்தையும் பளுதூக்கும் வீரர். மிசோரத்தின் ஜெரெமி லால்ரின்னுங்கா 2018 இளையோர் ஒலிம்பிக்கில் 15 வயதில் மொத்தம் 274 கிலோ தூக்கித் தங்கம் பெற்றார். சிறுவனாக அவர் பழகத் தொடங்கியது மூங்கில் கழியோடு. முதுகு நிமிர்ந்திருக்கிறதா, குதிகால் தரையில் பதிந்திருக்கிறதா என்பதெல்லாம் கழியிலேயே படிய வேண்டிய பாடங்கள். கர்லாக்கட்டை சுழற்றக் கற்றுத்தந்த நம் ஆசான்களும் சிறிய கட்டையில்தான் தொடங்கிவைத்தார்கள்.

நம் ஜிம்களில் அந்தத் தொடக்கப் படியே இல்லை. ஆண்களுக்கான ஒலிம்பிக் கம்பி, தட்டு மாட்டாமலே 20 கிலோ, பெண்களுக்கானது 15. முப்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அதைக் கொடுப்பது பயிற்சி ஆகாது.

எனவே ஓசூர் மாநகராட்சிக்கும் கிருஷ்ணகிரி மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கும் நம் கோரிக்கை இது: 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கும் ஜிம்மில், பயிற்சிச் சான்று பெற்ற ஒருவர் உடன் நிற்பதைக் கட்டாயமாக்குங்கள். அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இதற்கெனப் பயிற்சி கொடுங்கள். ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியை, நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து நடத்த 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் இடம் தருகிறது. ஒரு பள்ளிக்குத் தேவை ஐந்து, பத்து கிலோ கம்பிகள் சில, ரப்பர் விரிப்பு, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர். சிப்காட்டின் பெரிய ஆலைகள் ஆளுக்கொரு பள்ளியை ஏற்றுக்கொண்டால் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.