குதி நிலத்தில் படாத பிள்ளை



கால் விறைத்து, முன்விரலில் நடக்கும் பிள்ளையைக் கண்டதும் "போலியோ" என்று சொல்லிவிடுகிறோம். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி காணப்பட்டது 1993 இல். இது பெருமூளை வாதமாக இருக்கலாம். வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பு அது. அந்தப் பாதிப்புக் கூடுவதில்லை. ஆனால் எலும்பு வளரும் அளவுக்குத் தசை வளராததால் கால் வரவர இறுகுகிறது.

அந்தத் தசையைப் பார்க்கவும் வழியுண்டு. கருவிலே பிள்ளையைக் காட்டிய அதே வகை ஸ்கேன்தான். எக்ஸ்ரே கதிரில்லை, நோவில்லை; ஒலி அலை மட்டுமே. கெண்டைக்கால் தசையின் தடிப்பை அதில் அளக்கலாம். நல்ல தசை கறுப்பாகவும், கொழுப்பும் நாரும் கூடிய தசை வெளுப்பாகவும் தெரியும். விறைப்பைத் தளர்த்தும் ஊசியைச் சரியான தசையில் போடவும் அது உதவும்.

ஸ்கேன் காட்டுமே தவிரக் குணமாக்காது. எல்லா வைத்தியசாலையிலும் இவ்வளவீடு செய்யப்படுவதுமில்லை. அதற்காகக் காத்திராதீர்கள். முல்லைத்தீவானாலும் வவுனியாவானாலும் அரச வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டு செல்லுங்கள். தசைப் பயிற்சியைக் கேட்டுப் பழகி, வீட்டிலும் தவறாது செய்யுங்கள்.

"உம்மாவின் குற்றம்" என்று பேசுவோருக்குப் பயந்து பிள்ளையை அறைக்குள் மறைக்காதீர்கள். பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம். அமானிதத்தை ஒளிப்பதல்ல, பேணுவதே நம் கடமை.