‘விளையாட்டுக்குத்தானே’ என்னும் சாக்கு



ஒருவர் தலையை வேறொருவர் உடலில் பொருத்தி, ஃபோட்டோஷாப்பில் வேடிக்கைப் படம் செய்வதைப் பாவமென்று நான் பிரசங்கிப்பதில்லை. தந்திரம் என்று அறிந்தே அனைவரும் சிரிக்கும் படம் எவரையும் வஞ்சிப்பதில்லை. அறியாதவரை நம்பவிட்டு, ‘விளையாட்டுக்குத்தானே’ என்று நழுவுவதையே எதிர்க்கிறேன்.

1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் எல்சி, பிரான்சிஸ் என்னும் இரு பெண்பிள்ளைகள், காகிதத்தில் வெட்டிய வனதேவதைகளைத் தொப்பி ஊசிகளால் நிறுத்திப் படமெடுத்தனர். ஷெர்லாக் ஹோம்சைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் அவற்றை மெய்யென நம்பி, 1920இல் பத்திரிகையில் எழுதினார். 1930இல் அவர் மரித்தார். அவை காகித உருவங்களே என்று அவ்விருவரும் ஒப்புக்கொண்டதோ 1983இல்!

‘நம்பியவர்தானே ஏமாளி?’ என்பீர்களோ? துப்பறிவாளனைப் படைத்தவரே ஏமாந்தார் எனில், கைப்பேசியில் வந்த படத்தை நம்பும் நம் சபை மூதாட்டியை எப்படிக் குற்றம் சொல்வது? அயலானை வஞ்சித்துவிட்டு விளையாட்டென்பவனை, நீதிமொழிகள் 26ஆம் அதிகாரம் கொள்ளி எறியும் பைத்தியக்காரனுக்கு ஒப்பிடுகிறது.

ஆகையால், படத்தில் இருப்பவரின் சம்மதத்தோடு செய்யுங்கள், செய்ததென்று சொல்லுங்கள். எவரேனும் நம்பிவிட்டால், அன்றே உண்மையைக் கூறுங்கள். 66 ஆண்டுகள் காத்திராதீர்கள்.