மடத்துச் சண்டையா, வரிச் சண்டையா?



நாம் பிழைக்க வந்த குண்டலுபேட்டையில் பரவாசுதேவர் கோயில் இருக்கிறது. மைசூர் மன்னர் சிக்கதேவராய உடையார் (1673–1704) தம் தந்தையின் நினைவாகக் கட்டியது. அதே மன்னரின் பெயரோடு ஒரு ரத்தக் கதையும் ஒட்டிக் கொண்டிருக்கிறது.

விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு என்ற பழைய வரியை அவர் உயர்த்தவில்லை. ஆனால் சில்லறை வரிகளை அடுக்கடுக்காகச் சுமத்தினார். குடியானவர்கள் ஏரைத் தலைகீழாக மரத்தில் தொங்கவிட்டு, உழமாட்டோம் என்றார்கள். அவர்கள் பக்கம் நின்றவர்கள் வீரசைவ ஜங்கமர்கள். மன்னர் பட்டாளத்தை ஏவினார். நமக்குப் பக்கத்து ஊரான நஞ்சன்கூட்டில் 400க்கும் மேற்பட்ட ஜங்கமர்கள் கொல்லப்பட்டார்கள், 700க்கும் மேற்பட்ட மடங்கள் இடிக்கப்பட்டன என்று 1810இல் வில்க்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதினார். நூறாண்டுக்குப் பின் எழுதிய கணக்கு என்பதால் அதை ஐயுறும் ஆய்வாளர்களும் உண்டு.

இதைச் சைவ வைணவச் சண்டை என்று சொல்வோர் இருக்கிறார்கள். அப்படியானால் ஒன்று கேட்போம்: அன்றைய அமைச்சர் விசாலாட்ச பண்டிதர் சைவரா, வைணவரா? இரண்டும் இல்லை, அவர் சமணர்! சண்டையின் வேர் வரியில் இருந்தது. மதம் அதற்குப் போர்த்திய போர்வை.

கடல் கடந்த பைசாந்தியப் பேரரசிலும் இதே கதைதான். எட்டாம் நூற்றாண்டில் திருவுருவங்களை வணங்கலாமா என்று திருச்சபை பிளந்தது. பேரரசர் மூன்றாம் லியோ உருவங்களை எதிர்த்தார். சிசிலியில் தலைவரியையும் ஏற்றினார். அவர் மகன் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் மீது சொந்த மைத்துனரான படைத்தலைவர் அர்த்தபாஸ்தோஸ் கலகம் செய்து தலைநகரைப் பிடித்தார். உருவங்களைக் காக்கவே வந்தேன் என்றார். அவர் தேடியது அரியணை. 743இல் தோற்றார், கண்கள் பிடுங்கப்பட்டன. இரு பக்கமும் செத்தவர்கள் சாதாரணச் சிப்பாய்கள்.

நமக்கு இது பழங்கதையா? 1991 டிசம்பரில் காவிரியின் பேரால் கர்நாடகத்தில் கலவரம் மூண்டபோது, குழந்தை குட்டிகளோடு எல்லை தாண்டி ஓடியவர்கள் யார்? அணையைத் திறக்கவோ மூடவோ அதிகாரம் இல்லாத கூலிக்காரத் தமிழர்கள்!

ஆகவே, கூலி கேட்கும் நேரத்தில் எவனாவது மொழியையும் சாமியையும் குறுக்கே இழுத்தால், முதலில் அவன் மடியைப் பாருங்கள். பக்கத்து வரப்பில் நிற்கும் கன்னடக் கூலிக்காரனுக்கும் நமக்கும் வயிறு ஒன்றே. ஏரைத் தொங்கவிடும் நாள் வந்தால், இருவர் ஏரும் ஒரே மரத்தில் தொங்கட்டும்!