வமிசாவளிப் பைத்தியம்

சென்ற மாதம் நமக்கு மாமன் முறையாகும் ஒருவர், ஒரு பழைய புஸ்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நூறு வருஷத்துக்கு முன் அச்சான நம் ஜாதியின் “பூர்வ சரித்திரமாம்” அது. அட்டை போய், ஓரமெல்லாம் செல்லரித்துக் கிடந்தது. அதை மறுபடியும் அச்சுப்போடப் போகிறார்களாம். 5,000 ரூபாய் கொடுக்கிற குடும்பத்துக்கு ஒரு பக்கம். அதில் அந்தக் குடும்பத்தின் வமிசாவளியும் போட்டோவும் வருமாம். “மாப்பிள்ளை, நாம் லேசுப்பட்ட ஜாதி அல்ல, சந்திர வமிசம். இதோ ஆதாரம்!” என்று புஸ்தகத்தைத் தட்டிக் காண்பித்தார். தட்டியதில் தூசிதான் பறந்தது.

தோழர்களே! இந்தப் பைத்தியம் நம் மாமன் ஒருவருக்கு மட்டும் பிடித்ததாயிருந்தால் இதைப்பற்றி எழுதவே மாட்டோம். “பார்ப்பனர் எழுதிய புராணமெல்லாம் பொய்” என்று நாம் பேசும்போது முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்களே, வீட்டுக்குப் போனதும் தங்கள் ஜாதிக்கென்று ஒரு தனிப் புராணத்தைத் தேடுகிறார்கள். ஊரான் புராணம் பொய், தன் புராணம் மெய் என்பது எந்த ஊர்ப் பகுத்தறிவோ நமக்கு விளங்கவில்லை.

முதலில் ராஜாக்கள் சங்கதியைப் பார்ப்போம். திருவாலங்காட்டுச் செப்பேடு சோழரைச் சூரியன் பரம்பரை என்கிறது. பல்லவர் பட்டயங்கள் பிரம்மாவில் தொடங்கிப் பரத்துவாசர், அசுவத்தாமன் வழியாக இறங்கி வருகின்றன. பாண்டியருக்குச் சந்திரன் கிடைத்தான். ஆகாயத்தில் இருப்பவர்களையெல்லாம் இவர்கள் பங்கு போட்டுக்கொண்ட பிறகு, மிச்சம் மீதியைத்தான் நம் ஜாதிச் சங்கத்தார் இப்போது பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆனால் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் ஒரு வேடிக்கை உண்டு. சூரியன் கதையெல்லாம் சமஸ்கிருதப் பகுதியில். பழையனூர் என்ற ஊரைக் கோவிலுக்கு விட்டது, அதன் நாலெல்லை இன்னது என்ற விவரமெல்லாம் தமிழ்ப் பகுதியில். புகழுக்கு ஒரு பாஷை, பூமிக்கு ஒரு பாஷை! நிலத்தின் எல்லையைச் சொல்லும்போது சூரியனைச் சாட்சிக்கு அழைத்தால் காரியம் நடக்காது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அடுத்தது பாளையக்காரர் வமிசாவளிகள். காலின் மெக்கன்சி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர், 1815-ல் இந்தியா முழுவதுக்கும் சர்வேயர் ஜெனரலாக ஆனவர், தென்னாடு முழுவதும் ஆட்களை அனுப்பிக் கைபீதுகளையும் ஓலைச் சுவடிகளையும் 8,000-க்கு மேற்பட்ட கல்வெட்டு நகல்களையும் சேகரித்தார். 1821-ல் அவர் இறந்த பின் அந்தச் சேகரத்தைக் கம்பெனியார் அவர் மனைவியிடமிருந்து லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். அதில் ஒரு பெரும் பங்கு சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. மிகவும் உபயோகமான வேலை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வமிசாவளிகளை எழுதிக் கொடுத்தவர் யார், எப்போது என்று கேட்க வேண்டாமா? கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799-ல்; மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது 1801-ல். பாளையங்களைப் பிடுங்கி, மிஞ்சியவற்றை ஜமீன்களாக்கிப் பேஷ்குஷ் நிர்ணயித்துக்கொண்டிருந்த காலம். “உன் பாத்தியதை என்ன?” என்று சர்க்கார் கேட்கும்போது, “என் பாட்டனுக்குப் பாட்டன் புலியைக் கொன்றான், நாயக்கர் மெச்சிப் பட்டமும் பூமியும் கொடுத்தார்” என்று எழுதிக் கொடுக்காமல் வேறென்ன எழுதுவான்? வழக்காடுகிறவன் தன் மனுவில் எழுதியதை எந்த முன்சீப்பும் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நம் ஜாதிச் சரித்திரக்காரர்களோ மனுவையே தீர்ப்பாக அச்சடிக்கிறார்கள்.

பிறகு வந்தது ஜனக்கணக்கு. 1901-ல் ரிஸ்லி என்பவர் ஜாதிகளை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தக் கிளம்பினார். வந்தது வினை! எங்களைச் சத்திரியர் என்று எழுது, வைசியர் என்று எழுது என்று தேசமெங்கும் மனுக்கள் குவிந்தன. 1911-ல் வங்காளத்தில் வந்த மனுக்கள் மட்டும் ஒன்றரை மணங்கு எடை இருந்தனவாம். ஒவ்வொரு மனுவுக்குப் பின்னாலும் ஒரு புஸ்தகம், ஒரு பண்டிதர், ஒரு சந்தா நோட்டு. மாமன் கொண்டுவந்தது இந்த மழையில் முளைத்த காளான்தான்.

சரி, இதனால் யாருக்காவது லாபம் உண்டா? கமுதிக் கோவில் வழக்கைப் பாருங்கள். 1897-ல் அங்கே நாடார்கள் கோவிலுக்குள் போனார்கள். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். நாடார்கள் சத்திரியர், பாண்டியர் வழி என்பதற்கு அதற்கு முன்பே புஸ்தகங்கள் எழுதப்பட்டிருந்தன. கோர்ட்டு கோர்ட்டாக வழக்கு ஏறியது. கடைசியில் 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் கதவைத் திறக்கவில்லை. அந்தச் சமூகத்தாரை உயர்த்தியது எது? மகமைப் பணத்தில் கட்டிய பள்ளிக்கூடங்களும், வியாபாரமும், கட்டுப்பாடும். கோவில் கதவு திறந்தது 1939-ல், கிளர்ச்சியாலும் சட்டத்தாலும். அப்போது மதுரையில் உள்ளே போனவர்களிடம் உன் முப்பாட்டன் யார் என்று யாரும் கேட்கவில்லை. அன்றைக்குக் கூடப்போன ஆதிதிராவிடத் தோழர்களுக்கு எந்தப் பண்டிதரும் சந்திர வமிசம் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று. ஜாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானம் செய்தோம். தலைமை வகித்தவர் சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின்னால் வெட்டிய வாலை இப்போது புஸ்தகத்தின் வழியாக ஒட்டவைக்கிறார்கள். வால் இருந்தால் வரிசை உண்டு. வரிசை இருந்தால் கீழே ஒருவன் வேண்டும். நாம் சந்திர வமிசமானால் நம் தெருவுக்கு அப்புறத்துத் தெருக்காரன் யார் வமிசம்? மாமன் இதற்குப் பதில் சொல்லவில்லை. புஸ்தகம் சொல்கிறது. 43-ஆம் பக்கத்தில் இன்னின்னார் நமக்கு “அடிமைப்பட்டவர்” என்று வெட்கமில்லாமல் அச்சடித்திருக்கிறது. இதைத்தான் நம் பிள்ளைகள் கையில் கொடுக்கப் பணம் கேட்கிறார்கள்.

இன்னும் ஒரு சின்னக் கணக்கு. ஒருவனுக்குத் தாய் தகப்பன் இருவர். பாட்டன் பாட்டிகள் நால்வர். இப்படியே போனால் பத்தாவது தலைமுறையில் 1,024 ஸ்தானம். இருபதாவதில் பத்து லட்சத்துக்கு மேல். ஊருக்குள்ளேயே பெண் கொடுத்து வாங்குவதால் ஒரே ஆள் பல ஸ்தானத்தில் வருவான் என்றாலும், அவர்களில் ஒரே ஒரு மீசைக்காரனைப் பிடித்துக்கொண்டு “இவன்தான் நம் மூலபுருஷன்” என்பது என்ன நியாயம்? அந்தப் புஸ்தகத்தின் வமிசாவளியில் 31 பெயர்கள் எண்ணினோம். ஒன்றுகூடப் பெண் பெயர் இல்லை. முப்பத்தொரு தலைமுறையும் ஆண்பிள்ளைகளே பெற்றுக்கொண்டார்களாக்கும்!

இந்தப் புஸ்தகங்களைக் கொளுத்திவிட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அதே பழைய புஸ்தகத்தின் கடைசியில், எந்த ஏரியை யார் வெட்டினார்கள், எந்தப் பஞ்சத்தில் ஊர் கலைந்தது, கலம் நெல் என்ன விலை விற்றது என்று நாலு பக்கம் இருக்கிறது. அதைப் படிக்கையில் நமக்குக் கண் கலங்கியது உண்மை. மறுபதிப்பில் அந்த நாலு பக்கத்தை “அவசியமில்லை” என்று எடுத்துவிடப் போகிறார்களாம்.

மாமனிடம் கடைசியாக ஒன்று சொன்னோம். “பணம் தருகிறேன். அந்த நாலு பக்கமும் இருக்கட்டும், 43-ஆம் பக்கம் போகட்டும். நம் வீட்டுப் பக்கத்தில், நாற்று நட்டுக் கூலி வாங்கிப் பிள்ளைகளை வளர்த்த என் பாட்டியின் பெயர் முதலில் வரவேண்டும்” என்று. “உன் பாட்டி பெயர் என்ன மாப்பிள்ளை?” என்று கேட்டார் அவர். பாட்டி அவருக்குச் சொந்த அத்தை.

ஆலோசித்துச் சொல்வதாகப் போனவர் இன்னும் திரும்பி வரவில்லை.